இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்கள் எங்கே?

1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசாஹானில் பெருந்தோட்டம் போட்டார். மலாயாவின் வணிக ரப்பர் வரலாற்றின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. அந்த மாநிலத்தில் பால்மரம் வெட்டிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று தோட்டத்து லயத்தில் இல்லை. ஜாசின், அலோர் காஜா, செங், ஆயர் குரோ பக்கத்துத் தாமான்களில் குடியிருக்கிறார்கள். பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிறார்கள். சம்பளம் மாதக் கடைசிக்கு எட்டாத வீடுகளில், "நேரம் உங்கள் கையில், வருமானத்துக்கு எல்லை இல்லை" என்ற காப்புறுதி ஏஜென்சியின் அழைப்பு காதில் விழத்தான் செய்யும். அதைக் கேட்பது தவறில்லை. காப்புறுதி விற்பது மதிப்பான தொழில். எந்த நிறுவனம் பெரியது, யார் அதிகக் கமிஷன் தருகிறார்கள் என்று பார்த்துச் சேர்வதுதான் தவறு. சேரும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். நீங்கள் சேரப்போகும் ஏஜென்சிக் குழுவில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலை செய்கிறார்கள்? அப்போது விற்ற பாலிசிகளில் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன? மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

நிறுவனம் வேறு, ஏஜென்சி வேறு என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்துக்கு பேங்க் நெகாராவின் உரிமம் இருக்கும். 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும். மலேசியாவில் பெயர் சொல்லும் நிறுவனங்கள் பலவும் பழையவை. 1954-இல் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கிய எம்சிஐஎஸ் அவற்றில் ஒன்று. ஆனால் நீங்கள் தினமும் பழகப்போவது நிறுவனத்தோடு அல்ல, கடைவீட்டு மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு லீடரோடு. அவரும் உங்களைப் போலவே கமிஷனில் வாழ்பவர். நீங்கள் விற்கும் ஒவ்வொரு பாலிசியிலும் அவருக்கு 'ஓவர்ரைடிங்' என்ற மேல்பங்கு உண்டு. நீங்கள் கையெழுத்துப் போடுவதும் வேலை ஒப்பந்தமல்ல, முகவர் ஒப்பந்தம். அடிப்படைச் சம்பளம் இல்லை. முதலாளி செலுத்தும் சேமநிதிப் பங்கும் இல்லை. வருமான வரிக்கு பி படிவத்தை நீங்களே நிரப்ப வேண்டும். ஆகவே ஒரே நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே நல்ல குழுவும் இருக்கலாம், ஆளைத் தேய்த்து எறியும் குழுவும் இருக்கலாம்.

அந்த வித்தியாசம் ஏன் இரண்டாம் ஆண்டில்தான் தெரியவருகிறது என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்தவர் தம் அண்ணன், சித்தி, மச்சான், பள்ளித் தோழன் என்று இருபது பேரிடம் மாதம் 200 ரிங்கிட் பாலிசி விற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுப் பிரீமியம் 48,000 ரிங்கிட். கமிஷன் விகிதம் திட்டத்துக்குத் திட்டம் மாறும்; கணக்குக்காக முதலாண்டில் 30 விழுக்காடு என்று எடுத்தால் 14,400 ரிங்கிட், மாதத்துக்கு 1,200. பெட்ரோலும் டெலிபோனும் அதிலிருந்துதான். 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். அதன்மேல் முதலாளியின் சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு. அப்படியானால் இருபது உறவினர்களை முழுமையாகத் தீர்த்த பிறகும் இவர் தொழிற்சாலைத் தொழிலாளியைவிடக் குறைவாகவே சம்பாதித்திருக்கிறார். ஆயுள் பாலிசியின் கமிஷன் பொதுவாக முதல் சில ஆண்டுகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. பெரும்பங்கு தொடக்கத்தில் வந்துவிடும், பிறகு தேயும். எனவே இரண்டாம் ஆண்டில் நிற்க வேண்டுமானால் இரண்டு வழிதான். பழைய பாலிசிகள் தொடர்ந்து கட்டப்பட வேண்டும், உறவு வட்டத்துக்கு வெளியே புது வாடிக்கையாளர் கிடைக்க வேண்டும். இரண்டாவதைக் கற்றுக்கொடுக்கும் குழுவில் ஆள் நிலைக்கிறார். கற்றுக்கொடுக்காத குழுவில் அவர் விலகுகிறார், லீடர் அடுத்த ஆளைத் தேடுகிறார். அந்த ஆளும் இருபது உறவினர்களோடு வருவார். லீடருக்கு அதுவும் ஒரு வியாபாரம்தான்.

இந்த நட்டம் பணத்தோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம்; நம்பிக்கையும் அதோடு போகிறது. தோட்டத்துச் சமூகம் நம்பிக்கையை வைத்துக் காசு சேர்த்த சமூகம். மரண சகாய நிதி, கூட்டு (சீட்டு) பிடிப்பது எல்லாம் முகம் பார்த்து நடந்தவை. கூட்டை நாடாளுமன்றம் 1971-இல் தடைசெய்தபோது, அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற சொல் இடம்பெற்றது. அந்தப் பழக்கத்தில்தான் ஒரு சித்தி இன்றும் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார். பாலிசியை அவர் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். அந்தப் பிள்ளை ஓராண்டில் தொழிலை விட்டால் கிளெய்ம் போடக் கூப்பிட ஆளில்லை. பிரீமியம் ஏறினால் விளக்கம் சொல்ல ஆளில்லை. மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் எக்கச்சக்கமாக ஏறியதால், உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்று 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட நேர்ந்தது நினைவிருக்கும். கட்டண உயர்வுக் கடிதம் கையில் கிடைத்தவர்கள் முதலில் தேடியது ஏஜென்டைத்தான். ஏஜென்ட் இல்லாத வீடுகளில் பாலிசியை நிறுத்துவதுதான் சுலபமாகத் தெரியும். பாலிசி செத்தால் கட்டிய பணத்தோடு உறவும் கசக்கும்.

சரி, எப்படிச் சோதிப்பது? உங்களை அழைத்தவர் பதிவுபெற்ற முகவரா என்பதை ஆயுள் காப்புறுதிச் சங்கமான லியாமிடம் சரிபார்க்கலாம்; அதற்குக் காசு இல்லை. முகவராவதற்கான பிசிஇ தேர்வு எழுதிப் பதிவாகும் முன்பே "ஆள் பிடித்துக் கொடு, பாலிசியை என் பெயரில் போட்டுக்கொள்வோம்" என்று சொல்லும் இடத்திலிருந்து அப்போதே எழுந்து வந்துவிடலாம். அடுத்து, சுவரில் மாட்டியிருக்கும் பரிசுப் படங்களைக் காட்டுவார்கள். அந்தப் படத்தில் நிற்பவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள், அவர்களோடு அதே ஆண்டு சேர்ந்த மற்றவர்களைப் பற்றிக் கேளுங்கள். குழுவின் 'பெர்சிஸ்டன்சி', அதாவது பாலிசி நீடிப்பு விகிதம் என்ன என்று கேளுங்கள். இது தெரியாது என்று லீடர் சொல்ல முடியாது, ஏனெனில் முகவர்களை மதிப்பிடும் அளவுகோல்களில் அதுவும் ஒன்று. லீடர் கடைசியாகத் தாமே வாடிக்கையாளர் முன் உட்கார்ந்தது எப்போது, புதியவரைத் தம்மோடு எத்தனை சந்திப்புக்கு அழைத்துப் போவார் என்றும் கேளுங்கள். முதலாண்டு உதவித்தொகை தருவதாகச் சொன்னால், இலக்கை எட்டாவிட்டால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதை ஒப்பந்தத்தில் தேடுங்கள். பாலிசி சீக்கிரம் நின்றால் வாங்கிய கமிஷனைப் பிடித்துக்கொள்வார்களா, நீங்கள் விலகினால் மீதிக் கமிஷன் யாருக்கு என்ற இரண்டு பத்திகளையும் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க விடாத இடத்தில் வேறு கேள்வியே தேவையில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. உழைப்பவன் எங்கிருந்தாலும் முன்னுக்கு வருவான், விலகியவர்கள் சோம்பேறிகள் என்பார்கள். பத்தில் இரண்டு பேர் விலகினால் அதை ஏற்கலாம். பத்தில் எட்டுப் பேர் விலகினால் குறை ஆளிடம் இல்லை, வளர்க்கும் முறையில்தான். புதிதாகத் தொடங்கிய குழுவிடம் பழைய கணக்கே இருக்காதே என்பது நியாயமான கேள்வி. அப்போது அந்த லீடர் முன்பு இருந்த குழுவில் அவர் விற்ற பாலிசிகளின் கதையைக் கேட்கலாம்; குழு புதிதானாலும் ஆள் புதிதல்லவே. உறவினரிடம் விற்கவே கூடாதா என்றும் கேட்பார்கள். தாராளமாக விற்கலாம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்குக் காப்புறுதி மற்றவர்களைவிட அதிகமாகவே தேவை. அவர்களுக்குத் தேவையானதை, அவர்களால் இருபது ஆண்டு கட்டக்கூடிய அளவில், பத்தாம் ஆண்டிலும் போன் எடுக்கப்போகிறவர் விற்க வேண்டும், அவ்வளவுதான். வேலையே இல்லாதவன் இத்தனை கேள்வி கேட்க முடியுமா என்பதுதான் கடுமையான மறுப்பு. உண்மையில் அவன்தான் கேட்க வேண்டும். கையில் சேமிப்பு உள்ளவன் ஓராண்டை இழந்தாலும் எழுந்துகொள்வான். இல்லாதவனுக்கு உறவினரின் நம்பிக்கைதான் ஒரே மூலதனம், அதை இரண்டு முறை செலவழிக்க முடியாது.

ஆகவே அடுத்த வாரம் ஜாசினிலோ மெர்லிமாவிலோ ஒரு சாப்பாட்டுக்கடையில் யாராவது உங்களை உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்து ஏஜென்சியில் சேரச் சொன்னால், மறுக்கவும் வேண்டாம், உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் குழுவில் சேர்ந்த மூன்று பேரின் பெயரைக் கேளுங்கள். இன்னும் இருப்பவர் ஒருவர், விலகியவர் இருவர். மூவரிடமும் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெயர் தரத் தயங்கும் லீடரிடம் உங்கள் சித்தியின் பெயரையும் தராதீர்கள்.