கரையேறிய படகுகள்
பெருந்தொற்றுக் காலத்தில் படகுடையோர் வாழ்க்கை

தறியும் கழனியும் நம் அங்கத்தினர்களுக்கு நன்கு பழக்கமானவை. கடலை நம்பி வாழ்வோரின் தொழிலோ, நமக்கு வெகு அருகில் நடைபெற்றும், நம்மில் பலருடைய கவனத்திற்கு வருவதில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய புறநகர்ப் பகுதிகளில் நாம் வாங்கும் மீனில் ஒரு பகுதி, சென்னைக்குத் தெற்கேயுள்ள கடற்கரைக் குப்பங்களிலிருந்து வருவது. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், கானத்தூர் ரெட்டிக்குப்பம், கோவளம் என அக்குப்பங்கள் வரிசையாக அமைந்துள்ளன. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்று நாட்டை வாட்டியபோது அங்குள்ள படகுடையோர் எவ்வாறு நாளைக் கழித்தனர், அவர்களுக்குக் கிட்டிய உதவி எவ்வளவு, கிட்டாதது எது என்பவற்றை ஆராய்வது, கூட்டுறவில் நம்பிக்கையுடைய நமக்குப் பெரிதும் பயனளிப்பதாகும்.

படகுடையோர் யார்?

படகுக்குச் சொந்தக்காரர் என்றவுடன் பெரும் செல்வர் என்று எண்ணிவிடலாகாது. காசிமேட்டுத் துறைமுகத்தில் நிற்கும் பெரிய விசைப்படகுகள் ஒரு வகை. தென்சென்னைக் கரையிலுள்ளவை வேறு வகை. இங்கே துறைமுகம் கிடையாது. அலையைக் கடந்து வந்து மணலிலேயே இழுத்து நிறுத்தப்படும் சிறு படகுகளே மிகுதி. முன்னாளில் கட்டுமரங்கள் இருந்த இடத்தை, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. இவற்றின் உரிமையாளர் தாமே கடலுக்குச் செல்பவர். அவருடன் உறவினரோ ஊராரோ மூவர் நால்வர் செல்வர். ஆகவே ஒரு படகு நின்றால், நிற்பது ஒரு குடும்பத்தின் அடுப்பு மட்டுமன்று. நான்கைந்து குடும்பங்களின் அடுப்பும் அணைகின்றது.

கடல் இருந்தது, கரை மூடியது

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. மீன்பிடிப்பும் அதனைச் சார்ந்த போக்குவரத்தும் விலக்குப் பெற்றது ஏப்ரல் 10ஆம் நாள்தான். அதற்கு ஐந்தாம் நாளே, அதாவது ஏப்ரல் 15 அன்று, கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குரிய ஆண்டுத் தடைக்காலம் பிறந்துவிட்டது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தைக் காப்பதற்காகத் தமிழகத்தில் 2001 முதல் விதிக்கப்படும் இத்தடை, தொடக்கத்தில் 45 நாட்களாக இருந்து, 2017இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. 2020இல் மட்டும் நிலைமையை உத்தேசித்து மே 31 வரை, 47 நாட்களாக அது குறைக்கப்பட்டது. அவ்வாறு குறைத்த பின்னரும், மார்ச்சு 25 முதல் மே 31 வரை எண்ணினால் 68 நாட்கள் ஆகின்றன. விசைப்படகுகளுள் மிகப் பல அந்நாட்கள் அனைத்தும் கட்டிய கயிற்றிலேயே நின்றன.

கரையோரத்தில் தொழில் செய்யும் சிறு படகுகளை ஆண்டுத் தடை கட்டுப்படுத்துவதில்லை. ஆதலின் ஏப்ரல் 10க்குப் பின் அவற்றின் துன்பம் நீங்கியிருக்கும் என்று தோன்றலாம். ஆனால் மீன் பிடிப்பது பாதித் தொழிலே. பிடித்ததை அன்றைக்கே விற்பது மறுபாதி. கரையில் மீன் ஏலம் போகும் இடத்தில் கூட்டம் கூடுவதே வழக்கம். நோய்க் காலத்தில் கூட்டமோ கூடாது. கூடையெடுத்துச் சென்று தெருத் தெருவாக விற்கும் பெண்கள், பேருந்தையும் புறநகர் மின்சார இரயிலையும் நம்பியவர்கள். சென்னை வட்டாரத்தில் மார்ச்சு இறுதியில் நின்ற பேருந்துகள் செப்டம்பர் 1 அன்றுதான் மீண்டும் ஓடின. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகச் செல்லும் மின்சார இரயிலில் பொதுமக்கள் அனைவரும் ஏறுவதற்கு டிசம்பர் 23 வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையில் சூன் 19 முதல் 30 வரை 12 நாட்கள் சென்னையிலும் அதனையடுத்த மாவட்டப் பகுதிகளிலும் முழு ஊரடங்கு மீண்டும் விதிக்கப்பட்டது. உணவு விடுதிகள் மூடியிருந்தமையால் வஞ்சிரம், இறால், நண்டு போன்ற விலையுயர்ந்த சரக்கிற்குக் கேட்பாரும் குறைந்தனர்.

விலை பாதியானால் பங்கு என்னாகும்?

கடல் தொழிலில் மாதச் சம்பளம் என்பது இல்லை. அன்றைய விற்பனைத் தொகையிலிருந்து எரிபொருள், ஐஸ், சாப்பாடு ஆகிய செலவுகளைக் கழித்து, எஞ்சியதைப் பங்கு போடுவர். கடலுக்குச் சென்ற ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. படகு, வலை, இயந்திரம் ஆகியவற்றிற்கெனத் தனிப் பங்கு. இம்முறை ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். கணக்கு விளங்கும் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம்.

நால்வர் செல்லும் படகு ஒன்று 6,000 ரூபாய்க்கு மீன் விற்றதாகக் கொள்வோம். செலவு 2,000 ரூபாய். எஞ்சிய 4,000 ரூபாயை ஆட்களுக்கு நான்கு, படகுக்கு ஒன்று என ஐந்து பங்காக்கினால் பங்கொன்றுக்கு 800 ரூபாய் வரும். இப்போது விலை சரிபாதியாக இறங்கியதெனக் கொள்வோம். விற்பனை 3,000 ரூபாய். செலவோ அதே 2,000 ரூபாய். பங்கிற்கு வருவது 200 ரூபாயே. விலை பாதியானபோது வருவாய் பாதியாகவில்லை, காற்பங்காகிவிட்டது. படகின் பங்காகிய அந்த 200 ரூபாயில்தான் உரிமையாளர் வலையைப் பழுதுபார்க்கவும், இயந்திரத்தைப் பேணவும், கடன் தவணை கட்டவும் வேண்டும். சந்தை சரிந்த நாட்களில் கடலுக்குப் போவதைவிடப் போகாதிருப்பதே மேல் என்ற முடிவு சோம்பலால் வருவதன்று, இந்தக் கணக்கினால் வருவதாகும்.

ஓடாத படகுக்கும் செலவுண்டு

நெசவாளர் வீட்டுத் தறி நின்றால் வருமானம் நிற்கும். எனினும் தறி பெரிதாகக் கெட்டுவிடாது. உழவர் வீட்டில் அடைபட்டிருந்தாலும் பயிர் தன் பாட்டிற்கு வளரும். படகின் இயல்பு வேறு. மரத்தாலான படகு நீரில் கிடந்தால்தான் பலகைகள் ஊறி இறுகி நிற்கும். பல நாள் வெயிலில் காய்ந்தால் இணைப்புகளில் பிளவு காணும். கண்ணாடியிழைப் படகிற்கு அந்த அச்சம் குறைவு. ஆயினும் அதன் இயந்திரத்தை உப்புக் காற்று அரிக்கும். நன்னீரால் கழுவி, அவ்வப்போது ஓட்டிப் பார்க்காவிட்டால் எரிபொருள் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். குவித்து வைத்த வலையை எலி கடிக்கும். ஆகவே ஊரடங்கு நாட்களிலும் படகுடையோர் கரைக்குச் சென்று வருவது அவசியமாயிற்று. வலை பின்னுவதும் முடிச்சு மாற்றுவதும் அந்நாட்களின் வேலையாக அமைந்தன. அதற்கும் நூல் வேண்டும், கடை திறந்திருக்க வேண்டும்.

விற்காத சிறு மீனைக் கருவாடாக்குவது கரையோரத்தின் தொன்மையான காப்பு முறை. நெத்திலி போன்ற மீன்களை உப்பிட்டு வெயிலில் உலர்த்தினால் சில வாரங்கள் பொறுத்து விற்கலாம். இவ்வேலை பெரும்பாலும் பெண்களின் கையில் உள்ளது. ஐஸும் வண்டியும் கிடைக்காத நாட்களில் இக்கைத்தொழில் எத்தகைய அரண் என்பதை உணர்தல் வேண்டும். வற்றலும் வடகமும் உழவர் வீட்டிற்கு எவ்வாறோ, கருவாடு மீனவர் வீட்டிற்கு அவ்வாறு.

உதவிகளும் அவற்றின் எல்லையும்

அரசாங்கம் கைகொடுக்கவில்லை என்று கூறுதல் நியாயமாகாது. 2020இல் குடும்ப அட்டைதாரர்க்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவையும் வழங்கப்பட்டன. தடைக்கால நிவாரணமாகக் கடல் மீனவர் குடும்பத்திற்கு 5,000 ரூபாய் கிடைத்தது. (இத்தொகையை 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023இல் வெளியாயிற்று.) சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் சேர்ந்தோர், தாம் செலுத்திய 1,500 ரூபாயுடன் அரசாங்கப் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ரூபாய் பெறுவர். 2021இல் இரண்டாம் அலையின்போது குடும்ப அட்டைக்கு 2,000 வீதம் இரு தவணைகளில் 4,000 ரூபாய் அளிக்கப்பட்டது.

2020இல் மேற்சொன்ன மூன்று தொகைகளையும் கூட்டினால் 10,500 ரூபாய். அதிலும் 1,500 மீனவர் தம் சொந்தச் சேமிப்பு. 68 நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 154 ரூபாய் ஆகும். ஒரு குடும்பம் பசியாற இது துணை செய்யும். ஆனால் இவை யாவும் குடும்பத்தைக் கணக்கிற் கொண்டவை. படகைக் கணக்கிற் கொண்டவை அல்ல. தொழிற் கருவி கெடாமற் காப்பதற்கென ஒரு தொகை எங்கும் ஒதுக்கப்படவில்லை. வயிற்றைக் காத்து ஏரை விற்கும் நிலை உழவர்க்கு வந்தால் அடுத்த பருவம் என்னாகும்? படகுடையோர் எதிர்கொண்ட இடர் அதுவே.

கடன் தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை இடமளித்தது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. மேலும் இச்சலுகை வங்கிகளிலும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களிலும் வாங்கிய கடனுக்கே உரியது. மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்திற்கு எந்த ஆணையும் பொருந்தாது.

முன்பணம் என்னும் கட்டு

இந்த முன்பணத்தின் தன்மையை நம் அங்கத்தினர் நன்கறிவர். நூல் கொடுத்தவரிடமே சேலையை ஒப்படைக்க வேண்டிய நெசவாளரும், விதைப்புக்குப் பணம் தந்த மண்டிக்கே மூட்டையை இறக்க வேண்டிய உழவரும் அனுபவித்ததுதான் அது. வலைக்கோ இயந்திரத்திற்கோ பணம் தந்த வியாபாரிக்கே மீனைத் தரவேண்டும். அவர் சொல்வதே விலை. நமது எடுத்துக்காட்டில் அவர் நூற்றுக்குப் பத்துக் குறைத்துக் கொடுத்தால், 6,000 என்பது 5,400 ஆகும். செலவு போகப் பங்கு 800லிருந்து 680 ஆகும். பத்து விழுக்காடு விலைக்குறைவு பங்கில் பதினைந்து விழுக்காடாக விழுகின்றது. நோய்க் காலத்தில் அரிசிக்கும் மருந்துக்கும் வாங்கிய கைமாற்று, நோய் போன பின்னரும் மீன் விலையில் வட்டியாக வசூலிக்கப்படும். படகு தம் பெயரில் இருக்க, அதன் பயன் பிறரிடம் சேரும் இந்நிலைதான் பெருந்தொற்று விட்டுச் செல்லும் நீண்ட நோய்.

கூட்டுறவு காட்டும் வழி

நம் மாநிலத்தில் கூட்டுறவும் மீன்வளமும் ஒரே மனிதரால் பேணப்பட்டவை என்பது பலர் அறியாத செய்தி. 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் வேளாண் வங்கிகள் பற்றிய அறிக்கை தந்து, 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு வித்திட்டவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். அதே நிக்கல்சனே பின்னர்ச் சென்னை மாகாண மீன்வளத் துறையின் தொடக்கப் பணிகளை வழிநடத்தினார். உழவரின் கடனும் மீனவரின் கடனும் ஒரே இனத்தவை என்பதை அவர் வாழ்வே உணர்த்துகின்றது.

வழி எது என்பதைத் தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் காணலாம். 1980இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில் சேர்ந்த ஊர்ச் சங்கங்கள், கரையில் நடைபெறும் முதல் விற்பனையைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. அங்கத்தினரின் மீனைச் சங்கமே ஏலம் விடும்; விற்ற தொகையில் ஒரு பகுதியைக் கடனுக்கும், ஒரு பகுதியைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். இம்முறையின் நுட்பம் கவனிக்கத் தக்கது. மாதத் தவணை நாட்காட்டியைப் பார்த்து வரும். இங்கோ கடன் தீர்ப்பது மீனைப் பார்த்து நடக்கும். மீன் மிகுந்த நாளில் மிகுதியாகத் தீரும். படகு நின்ற நாளில் எவரும் வாசலில் வந்து நிற்கமாட்டார். கடல் தொழிலின் ஏற்றத்தாழ்வுக்கு இசைந்த கடன் முறை இதுவே அன்றோ?

வாய்ப்புகளும் இல்லாமல் இல்லை. உழவர் கடன் அட்டை வசதி 2018-19 முதல் மீனவர்க்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா என்னும் மீன்வளத் திட்டம் 20,050 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2020இல் தொடங்கப்பட்டது. இவற்றைத் தனி மனிதர் ஒருவர் அணுகுவதைவிட, கணக்கும் பதிவேடும் ஒழுங்காக வைத்துள்ள சங்கம் அணுகுவது எளிது.

நாம் செய்யக் கூடுவது

மூன்று காரியங்கள் நம் சிந்தனைக்கு உரியன. முதலாவது, சேமிப்பில் குடும்பத்திற்கு ஒரு பகுதியும் தொழிற் கருவிக்கு ஒரு பகுதியும் எனத் தனித்தனியே ஒதுக்குவது. படகுக் காப்பு நிதி, தறிக் காப்பு நிதி, ஏர்க் காப்பு நிதி என எப்பெயரிட்டாலும் நன்று. தொழில் நடக்கும் நாளில் பங்கிலிருந்து பத்து ரூபாய் ஒதுக்குவது எவர்க்கும் பாரமாகாது.

இரண்டாவது, விற்பனையைச் சங்கத்தின் கைக்குக் கொணர்வது. 2013இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுப் பண்ணைப் பசுமைக் கடைகள், 2020இன் ஊரடங்கில் காய்கறிகளை வண்டிகளில் தெருக்களுக்குக் கொண்டு சென்றன. காய்கறிக்கு இயன்றது மீனுக்கும் கருவாட்டிற்கும் இயலாததன்று. கோவளத்துச் சரக்கு கேளம்பாக்கம், வண்டலூர் வழியே தாம்பரம் வந்து சேர, குப்பத்துச் சங்கமும் நகரத்துப் பண்டகசாலையும் கைகோத்தால் போதும்.

மூன்றாவது, நோய்த் தடுப்பிலும் ஊர்ச் சங்கங்கள் முன்நிற்பது. 2021 சூன் திங்களில் கோவளத்தில் தடுப்பூசிக்கு மக்கள் தயங்கியபோது, தன்னார்வத் தொண்டர்கள் பிரியாணியும் குலுக்கற் பரிசும் அளித்து அவர்களை வரவழைத்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. நம்பிக்கைக்குரியவர் அருகிருந்து அழைத்தால் மக்கள் வருவர் என்பதே அதில் நாம் கொள்ளும் பாடம். அத்தகைய நம்பிக்கைக்கு ஊர்ச் சங்கத்தைவிடத் தகுதியுடையது வேறில்லை.

மழை வருமுன் கூரை வேய்வது உழவர் வழக்கம். வாடைக் காற்று எழுமுன் படகை மேட்டில் ஏற்றுவது மீனவர் வழக்கம். அடுத்த இடர் எந்த உருவில் வருமென எவரும் அறியார். 2020 நவம்பரில், தொற்று முற்றும் ஓயாதிருக்கையிலேயே நிவர்ப் புயலும் வந்தது. நம் சங்கப் பொதுக்குழுக்கள் அடுத்து கூடும்போது, கருவிக் காப்பு நிதியை ஆய்பொருளுள் ஒன்றாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.