கணக்கும் காவலும்

2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள், கும்பகோணத்துப் பள்ளி ஒன்றின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, வகுப்பறைகளின் கீற்றுக்கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அத்துயரை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் பயில்வதும் கல்வி உரிமையின் பகுதியே என்று 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பாதுகாப்பு ஒருமுறை செய்து முடிக்கும் பணியன்று. கூரை ஆண்டுதோறும் மழையைத் தாங்குகிறது, மின்கம்பி நைந்துபோகிறது, தீயணைப்புக் கருவி காலாவதியாகிறது. எனவே, முன்னரே நிதி பெற்ற பள்ளிக்கும் மீண்டும் நிதி தேவைப்படும். அதனைப் பெறும் தகுதி எதனால் அமைகிறது?

ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆண்டு மானியம் வரையறுக்கப்பட்டுள்ளது. கட்டடப் பராமரிப்பும் குடிநீரும் கழிப்பறைச் சீரமைப்பும் இதில் அடங்கும். மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் 200 மாணவர் பயிலும் அரசுப் பள்ளி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். திட்ட வரையறைப்படி அதற்குரிய தொகை 50,000 ரூபாய். அதில் 10 விழுக்காடாகிய 5,000 ரூபாயையேனும் தூய்மைப் பணிக்குச் செலவிடல் வேண்டும்.

முன்பு பெற்றமை மீண்டும் பெறுவதற்குத் தடையன்று. பெற்றதற்குக் கணக்குக் காட்டாமையே தடை. ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள், 2017, ஆண்டுதோறும் தொடரும் மானியங்களுக்கு இதனைத் தெளிவுபடுத்துகின்றன. முந்தைய ஆண்டின் பயன்பாட்டுச் சான்றும் தணிக்கைக் கணக்கும் வந்துசேராதவரை, மானியம் பெறும் நிறுவனத்திற்கு அடுத்த ஆண்டுக்கென ஒப்பளிக்கப்பட்ட தொகையில் 75 விழுக்காட்டுக்கு மேல் விடுவித்தல் கூடாது. நிதி முழுவதும் நிறுத்தப்பட்டால் பணி முடங்கும். முழுவதும் வழங்கப்பட்டால் பொறுப்புத் தளரும். கால் பங்கை நிறுத்திவைக்கும் இவ்விதி இரண்டுக்கும் இடையே நிற்கிறது.

ஆயினும், சான்றிதழ் மட்டும் குழந்தையைக் காப்பதில்லை. தாளில் மாற்றப்பட்ட மின்கம்பி சுவரில் மாற்றப்படாமல் இருக்கலாம். இதனை உணர்ந்தே, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மானியச் செலவைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் அளித்தது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்த உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். தணிக்கையாளர் தாளைப் பார்ப்பார். தாயோ கூரையை நிமிர்ந்து பார்ப்பாள். இருவர் கண்ணுக்கும் பொருந்தும் கணக்கே பள்ளிக்கு உண்மையான தகுதியைத் தரும்.