வேனில் தங்கிய டென்னிஸ் வீரரும் உங்க ரன்வே கணக்கும்

2015 விம்பிள்டன், இரண்டாவது சுற்று. தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்த, தரவரிசையில் 102-வது இடத்தில் இருந்த டஸ்டின் பிரௌன், ரஃபேல் நடாலை நாலு செட்டில் ஜெயிச்சார். எல்லாரும் அவரோட சடைமுடியையும் டிராப் ஷாட்டையும் பத்திப் பேசினாங்க. ஒரு ஆடிட்டரா நான் பார்த்தது அவரோட செலவுக் கணக்கை.

சின்னப் போட்டிகளில் முதல் சுற்றிலேயே தோத்தா கிடைக்கிற பரிசுத்தொகை ரொம்பக் குறைவு. பயணம், ரூம், சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் வீரரோட கைக்காசு. 2004-ல் பிரௌனின் பெற்றோர் ஒரு ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன் வாங்கிக் கொடுத்தாங்க. ஐரோப்பா முழுக்க அதிலேயே போய், அதிலேயே தூங்கி விளையாடினார். சக வீரர்களோட ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டிக் கொடுத்தும் சம்பாதிச்சார்.

அந்த வேன் அவருக்கு வெற்றியைத் தரலை. தோத்தாலும் அடுத்த வாரம் ஆடுற வசதியைத் தந்தது.

இதைத்தான் ரன்வேன்னு சொல்றோம்: சேமிப்பை மாதச் செலவால் வகுத்தா வர்ற மாதங்கள். கையில் 3 லட்சம், செலவு மாசம் 50,000-ன்னா 6 மாசம். செலவு 30,000-ன்னா 10 மாசம். சம்பளம் ஏறாமலே 4 மாசம் கூடுதல்!

ஒண்ணு மறக்காதீங்க: வேன் வாங்கினது பெத்தவங்க காசு. எல்லாருக்கும் அது அமையாது. உங்க வேனை நீங்கதான் வாங்கணும். அதுதான் எமர்ஜென்சி ஃபண்ட். பிடிக்காத வேலையை விடணும்னு தோணுற அன்னிக்கு, முடிவெடுக்கிறது நீங்களா, இஎம்ஐ-யான்னு அதுதான் தீர்மானிக்கும்.

உங்க ரன்வே எத்தனை மாசம்? இன்னிக்கே கணக்குப் போட்டுப் பாருங்க.