காவலரின் கடமையும் நம் உரிமையும்



சீருடையைக் கண்டாலே நம்மில் பலருக்கு நா எழுவதில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒருவனைப் போலீசார் அழைத்துச் சென்றால், லயமே கதவடைத்துக் கொள்கிறது. இந்த அச்சம் வேண்டாம். காவலருக்கு அதிகாரம் தந்த சட்டமே அவருக்குக் கடமைகளையும் விதித்திருக்கிறது.

மலேசிய அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு என்ன சொல்கிறது? கைதானவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். சாதாரணக் குற்ற வழக்குகளில், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தடுத்து வைக்க மாஜிஸ்திரேட்டின் அனுமதி தேவை. விசாரணை தொடங்குமுன், தாம் இருக்குமிடத்தை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பொதுவாகத் தருகிறது. அடித்து வாக்குமூலம் வாங்குவது விசாரணையன்று. 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஆகவே, பிள்ளை கைதானால் வீட்டில் அழுதுகொண்டிராமல், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நிலையத்துக்குச் செல்வோம். கைதான நேரத்தைக் குறித்துக்கொள்வோம். எந்தக் குற்றத்திற்காக, எங்கே வைத்திருக்கிறார்கள், எப்போது மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள் என்று பணிவாகக் கேட்போம். நேர்மையான காவலர் இதற்குச் சினம் கொள்ளமாட்டார்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. காசு நீட்டிக் காரியம் முடிக்க முயலக்கூடாது. வாங்குபவர் மட்டுமன்று, கொடுப்பவரும் குற்றவாளியே. காவலரின் நேர்மையைக் காப்பதில் நமக்கும் பங்குண்டு.