ஒரு கொசுக் கால் போதும்

பூச்சிமருந்து தோய்த்த காகிதம் பொருத்திய குழாயில் கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டுவைப்பார்கள். 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். 90 சதவீதத்துக்கும் குறைவாகச் செத்தால் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த இந்தச் சோதனை நம்பகமானதுதான். ஆனால் சேதியைத் தாமதமாகச் சொல்கிறது.

ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் காம்பியே கொசுவையே எடுத்துக்கொள்வோம். கொசுவலையில் ஏற்றப்படும் பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்து, கொசுவின் நரம்பில் சோடியம் அயனி நுழையும் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். நரம்பு ஓயாமல் துடிக்க, கொசு சுருண்டு விழும். வாயிலாக இருக்கும் அந்தப் புரதத்தின் 1014-ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஃபீனைல்அலனின் வந்துவிட்டால் மருந்தின் பிடி தளர்ந்துவிடும். அதற்கு டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறினால் போதும்: அடினின் இருந்த இடத்தில் தைமின். கேடிஆர் பிறழ்வு என்பது இதுதான்.

மேற்கு ஆப்பிரிக்கக் கொசுக்களில் இதைக் கண்டுபிடிக்க, டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை 1998-இல் வெளிவந்தது. கொசுவின் ஒரு காலிலிருந்து எடுக்கும் டிஎன்ஏ போதும். செத்து உலர்ந்த கொசுவானாலும் சரி. டிஎன்ஏவில் உரிய இடத்தில் ஒட்டிப் பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகளான பிரைமர்கள் நான்கைச் சேர்ப்பார்கள். இரண்டு எல்லாக் கொசுவிலும் ஒட்டும். மற்ற இரண்டில் ஒன்று பிறழ்ந்த எழுத்துக்கு, இன்னொன்று பழைய எழுத்துக்கு. பெருகிய துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓடவிட்டால் 293 கார இணை நீளத்தில் பொதுப் பட்டை தெரியும். அதோடு 195-இல் பட்டை இருந்தால் பிறழ்வு, 137-இல் இருந்தால் இயல்பு.

மூன்று பட்டைகளும் சேர்ந்து தெரியும் கொசுதான் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. அதில் அந்த மரபணுவின் ஒரு பிரதி பிறழ்ந்தது, மறு பிரதி இயல்பானது. கேடிஆர் பெரும்பாலும், இரண்டு பிரதிகளும் பிறழ்ந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு பண்பு என்பதால், இத்தகைய கொசு குழாயில் பெரும்பாலும் செத்துவிடும். மருந்து பலிக்கிறது என்ற கணக்கில் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட இரண்டு கொசுக்கள் இணைந்தால், சந்ததியில் சராசரியாக நான்கில் ஒன்று இரண்டு பிறழ்ந்த பிரதிகளோடு பிறக்கும். இந்த ஆபத்தை முன்கூட்டியே காட்டுவது ஜெல் மட்டுமே. குழாயில் கொசு சாக மறுக்கும்வரை காத்திருக்காமல், பருவந்தோறும் கால்களைச் சோதிக்க வேண்டும் என்பேன்.

பிசிஆர் தான் தேடுவதை மட்டுமே காணும். கென்யக் கொசுக்களில் அதே 1014-ஆம் இடத்தில் செரின் இருப்பது 2000-இல் தெரியவந்தபோது, அதற்கென்று புதிய பிரைமர் வடிவமைக்க வேண்டியிருந்தது. வாயிலில் எந்தப் பிறழ்வும் இல்லாமல், பி450 நொதிகளைக் கூடுதலாக உருவாக்கி மருந்தைச் சிதைத்துவிடும் கொசுக்களும் உண்டு. ஆகவே குழாய்ச் சோதனையைக் கைவிட முடியாது. அதில் தப்பிய கொசுவின் காலில் கேடிஆர் இல்லையென்றால், அடுத்த சந்தேகம் நொதிகள்மேல்தான். அந்த நொதிகளை முடக்கும் பிப்பரோனைல் பியூட்டாக்சைடு சேர்த்த வலைகள் அங்கே கூடுதல் பலன் தரும்.