பதினைந்து வயதில் போடும் டிக்

வாசல்கள் – 7

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் தமிழ்நாட்டின் எந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போனாலும் தலைமையாசிரியர் அறை வாசலில் ஒரே கேள்விதான் கேட்கும்: "சார், ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா சார்?" மார்க் பட்டியலைப் பார்த்து அவர் தலையாட்டினால் அப்பாவும் அம்மாவும் பெருமூச்சு விடுவார்கள். உதட்டைப் பிதுக்கினால், சிபாரிசுக்கு யாரைப் பிடிக்கலாம் என்று அப்பா போனைத் துழாவத் தொடங்குவார். கூட வந்த பிள்ளையிடம், "நீ என்னம்மா படிக்கப்போற?" என்று கேட்கிறவர் அபூர்வம். விண்ணப்பத்தில் 'பாடப்பிரிவு' என்ற இடத்தில் ஒரு டிக் விழுகிறது. அம்மா அட்மிஷன் ஃபீஸ் கட்டப் போய்விடுகிறார்.

கட்-ஆஃப், கவுன்சலிங், ரேங்க் லிஸ்ட் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுவது பிளஸ் டூ முடித்தவர்களுக்காக. ஆனால் ஒவ்வொரு படிப்பின் சேர்க்கைக் கையேட்டையும் எடுத்து, 'தகுதி' என்ற பத்தியை மட்டும் வாசித்துக்கொண்டு போனால் ஒரு விஷயம் உறைக்கும். முதல் வடிகட்டல் இரண்டு வருடத்துக்கு முன்பே, அந்த டிக்கிலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நடக்கும் கவுன்சலிங் எல்லாம், உள்ளே நிற்பவர்களில் யார் எந்த நாற்காலி என்கிற பங்கீடுதான்.

இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் சேர்ந்தது ஃபர்ஸ்ட் குரூப். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் எடுத்தவருக்கு பி.இ. உண்டு, எம்.பி.பி.எஸ். கிடையாது. தாவரவியல், விலங்கியல் என்று 'ப்யூர் சயின்ஸ்' போனவருக்கு மருத்துவம், கால்நடை, நர்சிங் எல்லாம் திறந்திருக்கும். கணிதம் இல்லாததால் பொறியியல் கலந்தாய்வு இல்லை. பெரும்பாலான கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியலும் இல்லை. இயற்பியலை விரும்பி, கணக்குக்குப் பயந்து ப்யூர் சயின்ஸில் சேர்ந்த பிள்ளைக்கு இது பிளஸ் டூ முடிந்த பிறகே தெரியவரும்.

எல்லா வாசலும் திறந்திருக்கட்டும் என்றுதான் பெற்றோர் ஃபர்ஸ்ட் குரூப்புக்கு முட்டிமோதுகிறார்கள். கணக்கு சரிதான். அதற்கான விலையைச் செலுத்துவது பிள்ளை. டாக்டராகப் போகாத ஒருவர் இரண்டு வருடம் உயிரியல் படம் வரைகிறார். வரலாறு படிக்க ஆசைப்பட்டவர் கரிம வேதியியலோடு மல்லுக்கு நிற்கிறார்.

கட்-ஆஃப் கணக்கைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். ஃபர்ஸ்ட் குரூப் மாணவி ஒருவர் கணிதத்தில் 97, இயற்பியலில் 88, வேதியியலில் 92, உயிரியலில் 90 எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொறியியலுக்குக் கணித மதிப்பெண் முழுதாக எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகும். 97, 44, 46 – ஆக மொத்தம் 200-க்கு 187. அதே மதிப்பெண் பட்டியலோடு அவர் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பித்தால் கணிதம் வெளியே போய், உயிரியல் முழுதாக உள்ளே வரும்: 90, 44, 46. இப்போது 180. கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் பொறியியல் கட்-ஆஃபில் ஒன்று போகும். இயற்பியலில் இரண்டு போனால்தான் ஒன்று போகும். பொறியியலில் சம கட்-ஆஃப் வந்தால் முதலில் கணிதம், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், பிறந்த தேதி வரை வரும். வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் ஒன்றாக இருந்தால், விண்ணப்பத்தின்போதே கணினி கொடுத்த ரேண்டம் எண் தீர்ப்புச் சொல்லும்.

இந்தக் கணக்கில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடமே இல்லை. தேர்ச்சி பெற்றால் போதும். இதே மாணவி தமிழில் 99 எடுத்திருந்தால் அது பி.இ.க்குக் காசு பெறாது. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழுக்குப் போட்டால் அதுதான் எல்லாம். அங்கே தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்து ஒரு தரவரிசை, ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்து இன்னொன்று, மற்ற படிப்புகளுக்கு நான்கு முக்கியப் பாடங்களின் கூட்டுத்தொகையை வைத்து வேறொன்று.

பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இவ்வளவு மரியாதை வந்தது சமீபத்தில்தான். 1984 முதல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத்தேர்வு இருந்தது. பிளஸ் டூவிலிருந்து 200, நுழைவுத்தேர்விலிருந்து 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. 2007 சேர்க்கையில் கிராமத்துப் பிள்ளைகள் கோச்சிங் சென்டர் வாசலை மிதிக்காமலேயே மருத்துவம் வரை போகமுடிந்தது. பத்து வருடம். 2017-இல் நீட் வந்தது.

இப்போது எம்.பி.பி.எஸ்.க்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலில் பொதுப்பிரிவினர் 50 சதவீதமும் இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் எடுத்தால் விதி திருப்தியடைந்துவிடும். 51 எடுத்தவரும் 99 எடுத்தவரும் அந்த இடத்தில் ஒன்று. மீதியை 720 மதிப்பெண் கொண்ட மூன்று மணி நேரத் தேர்வு பார்த்துக்கொள்ளும். அதே உயிரியல், அதே வேதியியல் படித்துவிட்டு வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவருக்கு, மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். நீட் எழுதித்தான் ஆகவேண்டும் என்பது அங்கே அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு மட்டும். மனிதருக்கு ஊசி போட ஒரு தேர்வு, மாட்டுக்கு ஊசி போட வேறொரு தேர்வு என்றால் ஒரு நியாயம் சொல்லலாம். இரண்டுக்கும் இடையே இருப்பது மருத்துவ வேறுபாடு அல்ல. எந்தப் படிப்பு எந்த ஆணையத்தின் கையில் இருக்கிறது என்கிற அதிகார எல்லை.

சித்த மருத்துவத்துக்கும் நீட் உண்டு. கூடவே ஒரு தனி நிபந்தனை: பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ தமிழை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும். இல்லாதவர் முதலாண்டிலேயே தமிழ் படிக்கவேண்டும். மூலநூல்கள் தமிழில் இருக்கின்றன. வேறு வழி இல்லை.

குரூப் பார்க்காத வாசல்களும் இருக்கின்றன, பலருடைய கண்ணில் படாமல். ஐந்தாண்டு சட்டப் படிப்பு அதில் முதலாவது. பிளஸ் டூவில் எந்தப் பாடம் எடுத்தாலும் சரி, பார் கவுன்சில் விதிப்படி பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதம், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 போதும். அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத்தேர்வும் கிடையாது, மதிப்பெண்தான். திருச்சியில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போக 'கிளாட்' எழுதவேண்டும். அதிலும் குரூப் கேள்வி இல்லை. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் எழும்பூரில் இருக்கும் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே கையில் பென்சிலைக் கொடுத்து வரையச் சொல்லிப் பார்க்கிறார்கள். கட்டடக்கலை குரூப் பார்க்கும் வாசல்தான்; அதற்கு மதிப்பெண், தேர்வு இரண்டும் வேண்டும்: பிளஸ் டூவுக்கு 200, 'நாட்டா' தேர்வுக்கு 200, ஆக 400-க்கு ரேங்க்.

சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம் இன்னொரு ரகம். சி.எஸ். சேஷாத்ரி உருவாக்கிய இந்நிறுவனத்தில் கணிதம், கணினி அறிவியல் இளநிலைப் படிப்புகளுக்கு அவர்களே எழுத்துத் தேர்வு வைக்கிறார்கள். சரியான விடையைக் கட்டத்தில் நிரப்புவதோடு வேலை முடியாது. ஏன் அப்படி என்று நிரூபித்துக் காட்டவேண்டிய கேள்விகளும் இருக்கும். உலகத்தரக் கணிதம் கற்பித்த இக்கழகம், நிகர்நிலை அந்தஸ்து வரும்வரை தன் மாணவர்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் பட்டம் வாங்கிக்கொடுத்தது என்பது நம் உயர்கல்வி விதிகளின் வினோதங்களில் ஒன்று.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. பிளஸ் டூவில் எந்த குரூப்பாகவும் இருக்கலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். ஜே.இ.இ. வேண்டாம். நான்கு வாரப் பாடத்தை முதலில் படிக்கச் சொல்லி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். முன்பு என்ன படித்தாய் என்று கேட்காமல், சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறாயா என்று பார்க்கும் இந்த முறையை மற்றப் பல்கலைக்கழகங்கள் ஏன் தொட்டுப் பார்க்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

கடல்சார் பல்கலைக்கழகம் கேட்பது வேறு. மரைன் இன்ஜினீயரிங்குக்கு இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதம் வேண்டும். ஆங்கிலத்தில் தனியாக 50 வேண்டும். அதோடு கண்ணையும் காட்டவேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவருக்கு எவ்வளவு மதிப்பெண் இருந்தாலும் இடமில்லை. இரவில் எதிரே வரும் கப்பலின் எந்தப் பக்கம் நமக்குத் தெரிகிறது என்பதை அந்த இரண்டு விளக்குகளின் நிறத்தை வைத்துத்தான் சொல்லமுடியும்.

பாடப்பிரிவுச் சுவரைத் தளர்த்தும் முயற்சிகளும் நடக்கின்றன. 2021-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு பதினான்கு பாடங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் ஏதாவது மூன்று படித்திருந்தால் பி.இ.க்குத் தகுதி என்று கையேட்டில் போட்டபோது, கணிதம் இல்லாமல் இன்ஜினீயரா என்று பேராசிரியர்கள் கொதித்தார்கள். சில பிரிவுகளுக்குத்தான் அந்தத் தளர்வு என்று பிறகு விளக்கம் வந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று அறிவித்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான 'கியூட்' தேர்வில் 2025 முதல், பிளஸ் டூவில் படிக்காத பாடத்தையும் எடுத்து எழுதலாம். மதிப்பெண் வந்தாலும் அந்தப் பல்கலைக்கழகம் தன் தகுதிப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

விதியைத் தளர்த்துவது ஒன்றும் புதிதல்ல. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதத்தில் மூழ்கி, மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர் ராமானுஜன். பச்சையப்பன் கல்லூரிக்கு மாறியும் எஃப்.ஏ. தேறவில்லை. அன்றைய விதிப்படி, எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் மேலே போகலாம். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், முதுகலைப் பட்டதாரிகளுக்கென இருந்த ஆய்வு உதவித்தொகையை, மாதம் 75 ரூபாய், பட்டமே இல்லாத அவருக்குக் கொடுத்தது. கேம்பிரிட்ஜும் வழக்கமான தகுதி இல்லாமலேயே அவரைச் சேர்த்துக்கொண்டு, 1916-இல் ஆய்வுக்காகப் பட்டம் தந்தது. கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியின் கடிதங்கள் கையில் இல்லாத ஒரு குமாஸ்தாவுக்கு அந்தத் தளர்வு கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

இன்றைய விதிகளிலேயே மிக நீளமானது 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டின் நிபந்தனை. 2020-இல் மருத்துவத்துக்கும், அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் முதலியவற்றுக்கும் வந்த இந்த ஒதுக்கீட்டைப் பெற ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதில் சேர்வார்கள். ஏழாம் வகுப்பில் 'இங்கிலீஷ் மீடியம்' ஆசையில் ஒரே ஒரு வருடம் சொந்தச் செலவில் தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பியவருக்கு இது கிடைக்காது. அந்த வயதில் இதை யார் எடுத்துச் சொல்வார்கள்?

பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளைக் கட்டுப்படுத்தத்தான் 2018-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. நீட், ஜே.இ.இ. இரண்டும் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் தாராளமாகக் கேட்கின்றன. பிள்ளையின் பிளஸ் ஒன் பாடப் புத்தகம் எத்தனை பக்கம் நடத்தப்பட்டிருக்கிறது என்று டிசம்பரில் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பெற்றோர் கையில் இருக்கிறது.

தவறான குரூப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு சுற்றுப்பாதை உண்டு. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போய் மூன்று வருட டிப்ளமா முடித்தால், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமா இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிக்கும் பி.இ. இரண்டாம் ஆண்டுக் கதவு உண்டு. தொழிற்கல்விப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனித் தரவரிசையே போடுகிறார்கள். லேட்டரல் என்ட்ரி என்கிற இந்தப் பாதையில் வருகிறவர்கள் லேத்தையும் வெல்டிங்கையும் ஏற்கெனவே தொட்டுப் பழகியவர்கள். முதலாண்டில் மற்றவர்கள் படித்து முடித்த கணிதத் தாள்தான் அவர்களைத் திணறடிக்கும். அவர்களுக்கென்று கல்லூரிகள் என்ன செய்கின்றன, என்ன செய்யாமல் விடுகின்றன என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)