கணித மென்பொருளில் எண்பொருளின் மாறாமையும் அதன் காப்பும்

மாறிலி என்பது வேறு, மாறாமை என்பது வேறு. முன்னது பெயர் பற்றியது. ஒரு பெயர் இறுதிவரை ஒரே மதிப்பைச் சுட்டுவது. பின்னது பெயரால் சுட்டப்படும் பொருளின் இயல்பு. கணித மென்பொருளில் எண்ணுக்கு வேண்டப்படுவது பின்னதே. அது எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஃபோர்ட்ரான் மொழியின் பழைய நிரல்பெயர்ப்பிகள் சிலவற்றில், துணைநிரலுக்கு 4 என்னும் எண்ணை அனுப்பினால் மதிப்புக்கு மாறாக நினைவக முகவரியே சென்றது. துணைநிரல் அவ்விடத்தில் 5 என எழுதிவிட்டால், பின்னர் 4 என எழுதிய இடங்களிலும் 5 வந்து நின்றது. இன்றைய மென்பொருள்களில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுகிறது. ஒரே எண்பொருளை ஓர் அணியும் ஒரு பல்லுறுப்புக்கோவையும் பகிர்ந்துகொள்ளலாம். ஓரிடத்தில் திருத்தினால் மற்றதும் பிழைபடும். அட்டவணையில் எண்ணின் மதிப்பைக் கொண்டே அதற்குரிய இடம் கணிக்கப்படுமாயின், மதிப்பு மாறிய எண் பழைய மதிப்பாலும் புதிய மதிப்பாலும் பெரும்பாலும் அகப்படாது.

ஜாவாவின் பிக்இன்டிஜர் இங்குத் தனியே நோக்கத்தக்கது. 1997இல் வெளிவந்த 1.1ஆம் பதிப்பு முதல் வழங்கும் இவ்வகுப்பில் ('இனக்குழு' என்னும் பாடநூற்சொல் தமிழியலில் வேறு பொருளில் வேரூன்றியிருப்பதால் இங்கு ஆளப்படவில்லை) கூட்டினாலும் பெருக்கினாலும் புதிய எண்பொருளே பிறக்கும். பழையது அப்படியே நிற்கும். ஆயினும் இவ்வகுப்பிலிருந்து பிற வகுப்புகள் கிளைப்பது தடுக்கப்படவில்லை. எனவே மாறும் எண் ஒன்றை மாறா எண்ணின் பெயரிலேயே ஒருவர் அனுப்ப இயலும். சரிபார்த்தபோது இருந்த மதிப்பு பயன்படுத்தும்போது இராது. பாதுகாப்பு சார்ந்த நிரல்களில் இது பெருங்கேடு. பழைய நிரல்கள் முறியும் என்பதால் இக்குறை களையப்படவில்லை. நம்பத்தகாத இடத்திலிருந்து வரும் எண்ணின் வகுப்பை ஆராய்ந்து, ஐயமிருப்பின் படியெடுத்துக்கொள்ளுமாறு ஜோஷுவா பிளாக் தம் 'எஃபெக்டிவ் ஜாவா' நூலில் அறிவுறுத்துகிறார். ஆக, மாறாமையை ஆவணத்தில் அறிவிப்பது போதாது. வகுப்பின் அமைப்பே அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

மாறாமைக்கு விலையும் உண்டு. நீண்ட கணக்கீட்டில் படிதோறும் புதிய பொருள் பிறப்பதால் நேரமும் நினைவகமும் செலவாகின்றன. இதனால் பைத்தானுக்குரிய ஜிஎம்பிஒய்2 நூலகம் எம்பிஇசட் என்னும் மாறா எண்ணோடு எக்ஸ்எம்பிஇசட் என்னும் மாறும் எண்ணையும் தருகிறது. பின்னதை அகராதித் திறவாகப் பயன்படுத்த இயலாது. ஜாவா மேற்கொண்ட வழி இதனினும் செறிவானது எனலாம். வகுத்தல் போன்ற கணக்கீடுகளுக்கு மியூட்டபிள்பிக்இன்டிஜர் என்னும் மாறும் வகுப்பு அதனுள் உண்டு. ஆனால் அது தன் தொகுதிக்கு வெளியே புலப்படுவதில்லை. கணக்கீடு முடிந்தபின் விடை மட்டும் மாறா எண்ணாக வெளிவருகிறது.